டிக்கெட்டில் ஒன்பது மணி நேரம், இணையத்தில் பதினாறு, மகள் சொல்வது இருபத்தொன்றரை: எது சரி?

குடியாத்தம் கைத்தறி (ஏப்ரல் 28)

எல்லோருக்கும் வணக்கம். மகள் சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் வேலையில் இருக்கிறாள். எனக்கும் என் மனைவிக்கும் மே 12க்கு டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாள், திரும்புவது அக்டோபரில். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மூன்றே நாள் இருக்கும்போது ஊரை விட்டுக் கிளப்புகிறாளே என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே கொண்டுவரவில்லை. என் பிரச்சினை கணக்கு.

சென்னையில் 1.40க்குக் கிளம்பி ஹாங்காங்கில் 9.40. அங்கே 13.00க்கு அடுத்த விமானம். சான்பிரான்சிஸ்கோவில் இறங்குவது 10.40. எல்லாமே 12ஆம் தேதி, செவ்வாய் என்று அச்சாகியிருக்கிறது. 1.40லிருந்து 10.40 என்றால் ஒன்பது மணி நேரம். இங்கிருந்து டெல்லி ரயில்கூட அதற்குள் ஆந்திராவைத் தாண்டாது. அதைவிட வேடிக்கை, இரண்டாவது விமானம் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி அன்று காலை 10.40க்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இணையத்தில் தேடினால் சென்னை–சான்பிரான்சிஸ்கோ 13,900 கி.மீ., பறக்கும் நேரம் பதினாறு மணிக்குப் பக்கம் என்று ஒரு பக்கம் சொல்கிறது. மகளோ மொத்தம் இருபத்தொன்றரை மணி நேரம் என்கிறாள். விளக்கிச் சொல் என்றால், "அப்பா, நீங்க ஏறி உட்காருங்க, அது கொண்டுவந்து விட்டுடும்" என்கிறாள். நான் லுங்கி நெய்கிற ஊர்க்காரன். பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை என்று எண்ணாமல் எதிலும் உட்கார்ந்து பழக்கமில்லை. யாராவது கணக்கைச் சரி பண்ணிக் கொடுங்கள்.


ஆம்பூர் லெதர் (ஏப்ரல் 28)

அண்ணா, டிக்கெட் தப்பில்லை. அதில் போட்டிருக்கிற ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் கடிகாரம். ஒரு ஊர் கடிகாரத்தை இன்னொரு ஊர் கடிகாரத்திலிருந்து கழித்தால் உதைக்கத்தான் செய்யும்.

எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். ஹாங்காங் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே 9.40 என்றால் குடியாத்தத்தில் காலை 7.10. ஆக முதல் விமானம் ஐந்தரை மணி நேரம். மதியம் 1 மணி என்பது நமக்கு 10.30, காத்திருப்பு மூன்று மணி இருபது நிமிடம். மே மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 10.40 என்றால் இங்கே இரவு 11.10. இரண்டாவது விமானம் 12 மணி 40 நிமிடம்.

கூட்டினால் இருபத்தொன்றரை. மகள் சொன்னதுதான் சரி.


குடியாத்தம் கைத்தறி (ஏப்ரல் 28)

நோட்டில் எழுதிப் பார்த்தேன் தம்பி. பைசா சுத்தமாக வருகிறது. அப்படியானால் அந்தப் பதினாறு மணி நேரம்?


கலிபோர்னியா கத்தரிக்காய் (ஏப்ரல் 29)

அது இல்லாத விமானத்தின் நேரம் ஐயா. அந்த மாதிரிப் பக்கங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தை எடுத்து, மணிக்கு 900 கி.மீ. என்ற மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துப் போட்டுவிடும். 13,900ஐ 900ஆல் வகுத்தால் பதினைந்தரைக்குக் கொஞ்சம் குறைவு, கூட அரை, பதினாறுக்குப் பக்கம். சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேராகப் போகிற விமானம் கிடையாது. காற்று, காத்திருப்பு, இமிக்ரேஷன் வரிசை எதுவும் அந்த வகுத்தலில் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது கத்தரிக்காய்க்குப் பேர்போன இலவம்பாடிப் பக்கம், பெயரிலேயே தெரியும்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். மே 12, 1.40 என்பது செவ்வாய் அதிகாலை. அதாவது திங்கள் ராத்திரி. நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11ஆம் தேதி சாயங்காலம். என் மாமனார் மாமியார் முதல் தடவை வந்தபோது "12ஆம் தேதி ராத்திரி" என்று மனதில் வைத்துக்கொண்டு, 12ஆம் தேதி இரவு பத்து மணிக்கு நான்கு பெட்டியோடு மீனம்பாக்கம் வாசலில் போய் நின்றார்கள். விமானம் இருபது மணி நேரத்துக்கு முன்னால் போயிருந்தது. இரண்டு டிக்கெட்டும் போனது, அதன் பிறகு அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் யாரிடமும் கேலண்டரைப் பற்றிப் பேசவில்லை.


காட்பாடி சந்திப்பு (ஏப்ரல் 29)

இது ரயிலிலும் உண்டு. நான் சர்வீஸில் இருந்தபோது நள்ளிரவு தாண்டி வருகிற வண்டிக்கு மறுநாள் ராத்திரி வந்து நிற்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்ப்பேன். டிக்கெட்டில் தேதிக்குக் கீழே "முந்தின நாள் ராத்திரி" என்று பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்னாலேயே சேருகிற வண்டி மட்டும் எங்கள் டிபார்ட்மென்டில் என்றைக்கும் ஓடவில்லை. அதற்கு எதிர்மாறாக நிறைய ஓடியது.


குடியாத்தம் கைத்தறி (ஏப்ரல் 29)

பெண்ணே, நல்ல வேளை சொன்னாய். நான் காருக்கு 12ஆம் தேதி சாயங்காலம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். உடனே போன் போட்டு மாற்றிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். திரும்பி வரும் டிக்கெட்டையும் தம்பி சொன்ன மாதிரியே நம் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அக்டோபர் 22 மதியம் 12.40க்கு சான்பிரான்சிஸ்கோ, 23 மாலை 6.20க்கு ஹாங்காங். இது 14 மணி 40 நிமிடம் வருகிறது. போகும்போது 12.40, வரும்போது 14.40. அதே இரண்டு ஊர், அதே கடல். இரண்டு மணி நேரம் எங்கே போனது?


கோட்டை அகழி (ஏப்ரல் 29)

சிம்பிள் சார். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. கிழக்கே போனால் பூமியோடு சேர்ந்து போகிறோம், அதனால் சீக்கிரம். மேற்கே வந்தால் பூமிக்கு எதிராக வருகிறோம், அதனால் லேட்.


ஆம்பூர் லெதர் (ஏப்ரல் 29)

தம்பி, பூமிதான் சுற்றுகிறது என்றால் மேற்கே வரும்போது ஊர் நம்மை நோக்கி அல்லவா வரும்? எதிரே வருகிற ஊரைச் சீக்கிரம் அடையலாமே. உன் கணக்குத் தலைகீழாக இருக்கிறது.


கோட்டை அகழி (ஏப்ரல் 29)

அப்படியென்றால் ஏன் மேற்கே வருவது லேட்? நீங்களே சொல்லுங்கள்.


ஆம்பூர் லெதர் (ஏப்ரல் 29)

எனக்குத் தெரியாது. நான் தோல் கண்காட்சிக்குப் போகிறவன். பைலட் இல்லை. ஆனால் உன் பதில் தப்பு என்று மட்டும் தெரியும்.


வட ஆற்காட்டு வாத்தியார் (ஏப்ரல் 30)

முப்பத்திரண்டு வருடம் பூகோளம் நடத்தியவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியாது. (வேலூர் மாவட்டத்தை 2019ல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், தெரியும். நான் பிறந்த ஊர் ஆரணி, வேலை பார்த்தது வாலாஜா, இருப்பது சத்துவாச்சாரி. எனக்கு எல்லாமே வட ஆற்காடுதான்.)

கோட்டை அகழித் தம்பிக்கு ஒரு கேள்வி. வேலூர்க் கோட்டை மைதானத்திலிருந்து ஒரு ஹெலிகாப்டர் நேராக மேலே எழும்பி ஒரு மணி நேரம் அந்தரத்தில் நிற்கிறது. நம் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. தரை தனியாக நழுவிப் போகும் என்றால், ஹெலிகாப்டர் இறங்கும்போது கீழே அரபிக்கடலின் நடுப்பகுதி இருக்க வேண்டும். இருக்காது. கோட்டைதான் இருக்கும். ஏனென்றால் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடுகிற பேருந்துக்குள் எழுந்து நின்றால் பின் கண்ணாடியில் போய் மோதுவதில்லையே, அதுபோல. நீங்கள் இரண்டு பேரும் சொன்னது இரண்டும் அதனால் அடிபட்டுப் போகிறது.

வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. சாதாரணக் காற்று அல்ல. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஆறு மாதிரியே வளைந்து நெளியும், சில நாள் வடக்கே ஏறும், சில நாள் தெற்கே இறங்கும். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது உண்டு.

இதை முதலில் முறையாக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்கிற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகின்றன என்று பார்த்துக் குறித்தார். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதி வெளியிட்டார். உலகத்தில் எஸ்பெராண்டோ படித்தவர்கள் எத்தனை பேர்? அப்படியே கிடந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானுக்கு மேலே இந்தக் காற்றில் சிக்கித் திண்டாடிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

இப்போது படகுக் கணக்கு. எட்டாம் வகுப்பில் போட்டிருப்பீர்கள். ஹாங்காங்–சான்பிரான்சிஸ்கோ 11,100 கி.மீ. விமானத்தின் சொந்த வேகம் 900. போகும்போது காற்று சராசரியாக 70 தள்ளிவிடுகிறது என்று வையுங்கள்: 970. வகுத்தால் பதினொன்றரை மணி நேரம். வரும்போது அதே 70 எதிர்க்கிறது: 830. வகுத்தால் பதிமூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். இரண்டு மணி நேரம் கிடைத்துவிட்டதா? மீதியெல்லாம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க வரிசையில் சுற்றுவது.

பூமி சுழற்சிக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் நடுவே உள்ள சூட்டு வித்தியாசத்தால் காற்று துருவத்தை நோக்கிக் கிளம்புகிறது. பூமி சுழல்வதால் அது கிழக்கே திரும்புகிறது. ஆகத் தம்பி சொன்னதில் கால் வாசி உண்மை. பரீட்சையில் கால் மார்க் போட்டிருப்பேன்.


காட்பாடி சந்திப்பு (ஏப்ரல் 30)

படகுக் கணக்கு சரி ஐயா. ஆனால் பாலாற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எப்படிப் புரியும்? 2021 நவம்பர் வெள்ளத்தில்தான் என் பேரன் அந்த ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடிப் பார்த்தான்.


கோட்டை அகழி (ஏப்ரல் 30)

கால் மார்க்குக்கு நன்றி சார். தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது அட்லாண்டிக்கில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போயிருக்கிறது. வழக்கமாக ஏழு மணி நேரம் வரை ஆகிற தடம், 5,500 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. எதிர்த்திசையில் அன்று வந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானம் 1996 பிப்ரவரியில் அதே தடத்தை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் முடித்திருக்கிறது. அது 2003ல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போதைய விமானங்கள் 1950களின் கடைசியில் வந்த போயிங் 707ஐவிட வேகமாகப் பறப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். போன் எங்கேயோ போய்விட்டது, பயணம் அங்கேயே நிற்கிறது.


குடியாத்தம் கைத்தறி (மே 1)

வாத்தியார் ஐயாவுக்குக் கும்பிடு. இன்னும் ஒன்று. சென்னை–ஹாங்காங் 3,700 கி.மீ. என்று பார்த்தேன். ஹாங்காங்–சான்பிரான்சிஸ்கோ 11,100. கூட்டினால் 14,800. ஆனால் சென்னையிலிருந்து நேர்த்தூரம் 13,900தான். அந்த நேர்க்கோடு எந்த வழியாகப் போகிறது? சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் பசிபிக் நடுவில் ஹவாய்ப் பக்கமாகப் போகிறது.


வட ஆற்காட்டு வாத்தியார் (மே 1)

ஸ்கேலைத் தூர வையுங்கள். சுவரில் இருப்பது ஆரஞ்சுத் தோலை உரித்துத் தட்டையாக இழுத்து ஒட்டியது. துருவத்துப் பக்கம் எல்லாம் பிய்த்துக்கொண்டு விரிந்திருக்கும். பேத்தியின் பூகோள உருண்டை இருந்தால் எடுங்கள்; இல்லாவிட்டால் தர்பூசணியில் பேனாவால் ஊரைக் குறித்தாலும் போதும். உங்களிடம் நூலுக்குப் பஞ்சமில்லை. ஒரு இழையைச் சென்னையில் விரலால் அழுத்தி, சான்பிரான்சிஸ்கோவில் இழுத்துப் பிடியுங்கள். இழை தானாகவே மேலே ஏறி, மிகக் குறைந்த தூரம் உள்ள பாதையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர்.

நான் கோணக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் இழை வங்கக்கடல் தாண்டி, சீனா தாண்டி, ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் கிட்டத்தட்ட 69 டிகிரி வடக்கு வரை ஏறி, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. ஹவாயின் திசைக்கே போவதில்லை.

நம்ப முடியாவிட்டால் சின்னக் கணக்கு. 40 டிகிரி வடக்கில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஊர். அட்சரேகையை ஒட்டியே கிழக்காகப் போனால் 15,300 கி.மீ. துருவத்தின் தலைமேல் ஏறி இறங்கினால் 11,100 கி.மீ. சுற்று வழி மாதிரித் தெரிவதுதான் குறுக்கு வழி.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் தொடங்கியபோது, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண்களே ஓட்டிய அந்த முதல் விமானம் வடதுருவத்துக்கு மேலேயே பறந்து வந்தது. பதினேழு மணி நேரம் பிடித்தது. உங்கள் ஹாங்காங் விமானமும் நூல் பிடித்தால் 52 டிகிரி வரை, அலூஷியன் தீவுகள் வரை ஏற வேண்டும். ஆனால் போகும்போது அப்படி ஏறாமல், காற்றாறு ஓடுகிற தெற்குத் தடத்தையே பெரும்பாலும் பிடிப்பார்கள். தூரம் கூடினாலும் நேரம் குறையும். வரும்போது அந்தக் காற்றுக்கு ஒதுங்கி வடக்கே ஏறி வருவார்கள். அதனால் 11,100 என்பதுகூட நூலின் நீளம்தானே தவிர, விமானம் ஓடுகிற நீளம் இல்லை.

ஒரு கொசுறு. நீங்கள் ஏறப்போகிற மீனம்பாக்கத்தை ஒட்டி நிற்கிற பரங்கிமலையிலிருந்துதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் எஃகுச் சங்கிலி போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். முதல் கோடு சுமார் 12 கி.மீ., பெரும்பாக்கம் வரை. பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அந்த அளவையின் நோக்கம். இன்று நாம் நோகாமல் எடுத்துச் சொல்கிற கிலோமீட்டர்களுக்குப் பின்னால் இப்படிச் சங்கிலி இழுத்தவர்கள் இருக்கிறார்கள்.


குடியாத்தம் கைத்தறி (மே 2)

தர்பூசணியில் செய்து பார்த்தேன். நூல் நிஜமாகவே மேலே வழுக்கிப் போகிறது! பிறகு பழத்தை வெட்டிவிட்டார்கள்.

மனைவி கேட்கச் சொல்கிறாள்: பன்னிரண்டு மணி நேரம் கீழே வெறும் தண்ணீர். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால்?


கலிபோர்னியா கத்தரிக்காய் (மே 2)

அம்மாவிடம் சொல்லுங்கள், இதற்கென்றே விதி இருக்கிறது. இரண்டு இன்ஜின் விமானம் ஒரே இன்ஜினில் ஓடினாலும் இத்தனை நிமிடத்துக்குள் ஏதோ ஒரு விமான நிலையத்தை அடையும்படிதான் பாதையே வரைய வேண்டும். முன்பு அது 60 நிமிடம். 1980களில் 120, பிறகு 180 என்று கூட்டினார்கள். அதனால்தான் பசிபிக்கில் மிட்வே தீவு, அலாஸ்காவில் கோல்டு பே மாதிரி ஆள் அரவமில்லாத இடங்களில்கூட நீளமான ஓடுபாதையைப் பராமரிக்கிறார்கள்.

2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வந்த ஒரு விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் பத்திரமாக இறங்கியது. 216 பயணிகள். மாற்று விமானம் வந்து அவர்களை ஏற்றிப்போனது. அந்த விமானத்தில் வந்தவர்களுக்கு ஒரு கதை கிடைத்தது, அவ்வளவுதான்.


ஆம்பூர் லெதர் (மே 2)

வானத்தில் நடப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். நம் ஊர்க்காரர்கள் விமானத்தைத் தவறவிடுவது வானத்தில் இல்லை, ஸ்ரீபெரும்புதூரில். குடியாத்தத்திலிருந்து மீனம்பாக்கம் 160 கி.மீ. சொச்சம். வாலாஜா தாண்டிய பிறகு அந்தச் சாலையில் எந்த இடத்தில் வேலை நடக்கிறது, எங்கே ஒரு வழியை மூடியிருக்கிறார்கள் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் மூன்று மணி நேரத்திலும் போயிருக்கிறேன், ஐந்தரை மணி நேரத்திலும் போயிருக்கிறேன்.

அடுத்த தடவை பெங்களூரைப் பாருங்கள். பேர்ணாம்பட்டுக்காரர்கள், உங்கள் ஊர்க்காரர்கள் பலமநேர் ஏறி, முல்பாகல், கோலார், ஹோசகோட்டை வழியாகத் தேவனஹள்ளி விமான நிலையம் போய்விடலாம். மொத்தம் சுமார் 200 கி.மீ., தூரம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் பெங்களூர் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம்.


காட்பாடி சந்திப்பு (மே 2)

பலமநேர் மலைப்பாதையில் இரவு பெட்டி படுக்கையோடு? வயதானவர்களை? வேண்டாம். காட்பாடியில் ஏறினால் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் சென்ட்ரல், அங்கிருந்தே மெட்ரோ, விமான நிலையத்துக்குள் கொண்டுபோய் இறக்கும்.


ஆம்பூர் லெதர் (மே 2)

ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை, ஊறுகாய், ஆற்காடு மக்கன் பேடா. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ படியில் யார் தூக்குவது? நீங்கள் வருகிறீர்களா?


காட்பாடி சந்திப்பு (மே 2)

வருகிறேன். பேடாவில் பாதி எனக்கு.


இரவுப் பணி (மே 3)

நான் செவிலியர். சண்டைக்கு நடுவில் ஒரு நிமிடம். ஐயாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருந்தால், குறிப்பாக இன்சுலின் போட்டால், டிக்கெட் நகலை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். "காலை, இரவு" என்று எழுதிய சீட்டு அன்றைக்கு உதவாது, காலை இரண்டு தடவை வரும். மாத்திரை கைப்பையில், சீட்டோடு. பெரிய பெட்டியில் வேண்டாம். விமானத்தில் எழுந்து நடங்கள், கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருங்கள், தண்ணீர் குடியுங்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களின் வழக்கம். அப்படி எழாமலே உட்கார்ந்திருப்பதுதான் கால் வீங்குவதற்கு வழி.

ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வருகிறார்கள், உடம்பு முடியாத நிலையில். நீங்கள் நன்றாகப் போய் வருவீர்கள்.


குடியாத்தம் கைத்தறி (மே 16)

வந்து சேர்ந்தோம். மூன்று நாளாகப் பகலில் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து டீ. சிரசுத் திருவிழாவை மனைவி போனில் பார்த்து முடித்தாள்; அங்கே காலை, இங்கே முந்தின நாள் ராத்திரி.

கணக்கு இதோ. 11ஆம் தேதி மாலை 6.30க்கு வீட்டுப் படி இறங்கினோம் (காரில்தான், காட்பாடி அண்ணன் மன்னிக்க வேண்டும்). மீனம்பாக்கம் இரவு 10. சென்னையில் விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் ஹாங்காங்கில் சரியான நேரத்துக்கு இறங்கியது. அட்டவணையிலேயே கொஞ்சம் தாராளமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் போல. சான்பிரான்சிஸ்கோவுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டோம். இமிக்ரேஷன், பெட்டி, கார் எல்லாம் முடித்து மகள் வீட்டுப் படி ஏறும்போது இங்கே மதியம் 1.15, நம் ஊரில் 13ஆம் தேதி அதிகாலை 1.45. படிக்குப் படி 31 மணி கால். அதில் விமானத்தில் இருந்தது பதினெட்டு. மிச்சம் பதிமூன்று மணி நேரம் தரையில், வரிசையில், நாற்காலியில். இணையத்தில் பதினாறு என்று போடுகிறவன் ஒரு தடவை குடியாத்தத்திலிருந்து கிளம்பிப் பார்க்கட்டும்.

எதிரே இருந்த திரையில் வேகம் காட்டினார்கள். ஜப்பானுக்குப் பக்கத்தில் 1,060 வரை போனது. "காற்றாறு" என்று மனைவியிடம் சொன்னேன். திரையை அணைத்துவிட்டுத் தூங்கச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை விடிந்தது. இரண்டு தடவையும் பார்த்தேன்.


வட ஆற்காட்டு வாத்தியார் (மே 16)

சர்வதேச தேதிக் கோட்டைக் கிழக்காகத் தாண்டினீர்கள், அதனால் ஒரு நாள் பின்னே போனது. சென்னை நள்ளிரவில் தொடங்கி சான்பிரான்சிஸ்கோ நள்ளிரவில் முடிந்த உங்கள் செவ்வாய்க்கு முப்பத்தாறரை மணி நேரம். வரும்போது அதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.


குடியாத்தம் கைத்தறி (அக்டோபர் 9)

பழைய இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். திருப்பிக் கட்டும் நேரம் வந்துவிட்டது. 22 வியாழன் மதியம் இங்கே கிளம்பி 24 சனி அதிகாலை 12.40க்குச் சென்னை. கத்தரிக்காய்ப் பெண் சொன்ன பாடம் மறக்கவில்லை, காருக்கு 23 ராத்திரி என்று சொல்லிவிட்டேன்.

சிக்கல் வேறு. மனைவிக்கு வெள்ளி விரதம், இருபது வருடமாக விட்டதில்லை. 23 வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது? வாத்தியார் ஐயாதான் சொல்ல வேண்டும்.


வட ஆற்காட்டு வாத்தியார் (அக்டோபர் 9)

இது பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. கணக்குப்படி சொல்கிறேன். நீங்கள் வியாழன் நடுப்பகலில் கிளம்பிச் சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே வருகிறீர்கள். ஹாங்காங்கை நெருங்கும் வரை வழியில் பொழுது சாயாது. கிளம்பி ஆறு மணி நேரம் போல ஆனதும் தேதிக் கோடு வரும். அங்கே வியாழன் மதியம், தாண்டியதும் வெள்ளி மதியம். ஆக உங்களுக்கு வியாழன் ராத்திரியும் கிடையாது, வெள்ளி விடியலும் கிடையாது. ஹாங்காங்கில் இறங்கும்போது இருட்டியிருக்கும். சென்னையில் இறங்க நாற்பது நிமிடம் இருக்கும்போது நம் ஊர் சனி பிறந்துவிடும். கடிகாரத்தில் மொத்தம் பதினேழு மணி நேரம் போல வெள்ளி இருக்கும்.


கலிபோர்னியா கத்தரிக்காய் (அக்டோபர் 9)

விமானத்தில் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும் ஐயா. இப்போதே போட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் ரொட்டிதான்.


குடியாத்தம் கைத்தறி (அக்டோபர் 10)

போட்டாயிற்று. வாத்தியார் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "விடியாத வெள்ளிக்கு எங்கே விளக்கேற்றுவது? ஏறும்போதே ஆரம்பித்துவிடுகிறேன், வீட்டுக்கு வந்து குளித்து முடித்துக்கொள்கிறேன்" என்றாள். நோட்டில் அதை இருபத்தேழு மணி நேரம் என்று குறித்துக்கொண்டேன். பேடா டப்பா காலியாகத் திரும்புகிறது, காட்பாடி அண்ணனுக்கு இங்கிருந்து பாதாம் வாங்கி வைத்திருக்கிறேன்.